கடற்பனிக்கட்டி நகர்வதால் கடலின் வெப்பமும் உப்பும் எப்படி மாறுகின்றன?

புவியியல் ஆசிரியை, ஹட்டன்

கடந்த வாரம் உயர்தர வகுப்பில் சமுத்திர நீரின் உவர்த்தன்மை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே முழுமையான விடை சொல்ல என்னால் முடியவில்லை. உவர்த்தன்மையைக் கூட்டுவன ஆவியாதலும் நீர் உறைதலும், குறைப்பன மழையும் ஆற்றுநீரும் பனிக்கட்டி உருகுதலும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். "டீச்சர், குளிர்காலத்தில் நீர் உறையும்போது எவ்வளவு உப்பு கடலில் மிஞ்சுகிறதோ, கோடையில் அதே பனிக்கட்டி உருகும்போது அவ்வளவும் நீர்த்துச் சமமாகிவிடாதா? பிறகு அதை ஏன் ஒரு காரணியாகப் படிக்கிறோம்?" என்று அவள் கேட்டாள்.

மிக நல்ல கேள்வி. அதன் பிறகு படித்தும் யோசித்தும் எனக்குக் கிடைத்த விடையை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் ஏறத்தாழ மறை 1.8 பாகை செல்சியஸில் உறைகிறது. உறையும்போது உருவாகும் பளிங்கு அமைப்பில் உப்புக்கு இடமில்லாததால், அது செறிந்த உவர்நீராக ஒதுக்கப்பட்டு, பனிக்கட்டிக்குள் சிறு பைகளிலும் மெல்லிய குழாய்களிலும் தங்கி, பின்னர் மெல்லமெல்லக் கீழே வடிந்து கடலில் இறங்குகிறது. ஓராண்டு வயதான பனிக்கட்டியில் கிலோவுக்கு நான்கைந்து கிராம் உப்புத்தான் மிஞ்சுகிறது. பல ஆண்டுகள் வயதானதை உருக்கிக் குடிக்கலாம் என்பதை வடதுருவப் பகுதி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள்.

இதுவரை மாணவி சொன்னது சரியே. ஆனால் உறைந்த இடத்திலேயே பனிக்கட்டி உருகும் என்று அவள் தன்னை அறியாமல் எடுத்துக்கொண்டாள். நானும் பல வருடங்களாக அப்படித்தான் கற்பித்து வந்திருக்கிறேன். உண்மையில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. 1881இல் கிழக்குச் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கிய ஜெனட் என்னும் கப்பலின் சிதைவுகள் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அதைக் கேள்வியுற்ற நோர்வே நாட்டவரான நான்சன், ஃபிராம் என்னும் தம் கப்பலை 1893 செப்டெம்பரில் வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் உறையவிட்டார். கப்பல் ஆட்டிக் சமுத்திரத்தின் குறுக்கே பனிக்கட்டியோடு மிதந்து சென்று 1896 ஓகஸ்டில் மறுபக்கம் வெளிவந்தது.

ஆகவே, உப்பு ஓரிடத்தில் இறக்கப்படுகிறது. உப்பிழந்த நீர் கட்டியாகி, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வேறோர் இடத்தில் உருகுகிறது. உறைந்த இடம் ஆண்டுதோறும் உவர்ப்பாகிக்கொண்டும் உருகும் இடம் ஆண்டுதோறும் நீர்த்துக்கொண்டும் இருக்கும். வெப்பத்துக்கும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன், ஆனால் அதை எண்களோடு விளக்க எனக்குப் போதிய பௌதிக அறிவு இல்லை.

ஓய்வுநிலைப் பொறியியலாளர், கொத்மலை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எண்களை நான் தருகிறேன். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மீற்றர் தடிப்பான பனிக்கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 900 கிலோகிராம். அத்தனை கடல்நீரில் இருந்த உப்பு 31.5 கிலோகிராம். கிலோவுக்கு 5 கிராம் வீதம் பனிக்கட்டியில் மிஞ்சியது 4.5 கிலோகிராம் என்றால், கடலில் இறங்கியது 27 கிலோகிராம். ஒரு சதுர மீற்றருக்கு மட்டும் அரை மூட்டைச் சீமெந்துக்கு மேற்பட்ட நிறையுள்ள உப்பு இது.

வெப்பம் இன்னும் வியப்பைத் தருவது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருக 334 கிலோயூல் மறைவெப்பம் தேவை. அதே வெப்பத்தால் ஒரு கிலோகிராம் நீரை 80 பாகை சூடாக்கலாம். 900 கிலோவுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் யூல் வேண்டும். மின்சாரப் பட்டியலின் அலகில் சொன்னால் அது 83 யூனிற். உப்பு கலந்த பனிக்கட்டிக்கு இது சிறிது குறையும், என்றாலும் பெரிய மாற்றமில்லை. இந்த வெப்பம் முழுவதும் 50 மீற்றர் ஆழமான மேல்நீரிலிருந்து எடுக்கப்பட்டால், அந்த நீர் ஒன்றரைப் பாகை குளிரும். அதே நீரின் உவர்த்தன்மை கிலோவுக்கு அரைக் கிராமளவு குறையும்.

உறையும்போது இதே 300 மில்லியன் யூலும் வெளிவிடப்படுகிறது. அது பெரும்பாலும் குளிர்காலத்து வளிக்கும் அங்கிருந்து விண்வெளிக்கும் போய்விடுகிறது. அதாவது, சைபீரியக் கரையோரத்தில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு கிறீன்லாந்துக் கரையில் அந்த வெப்பத்தைக் கடலிடமிருந்து திரும்ப வாங்கும் ஒரு பொருள் நகர்ந்துகொண்டிருக்கிறது. குளிரை மூட்டை கட்டித் தெற்கே அனுப்புவதாகவே இதைக் கொள்ளலாம்.

உயர்தர மாணவன், நுவரெலியா

சேர், டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. பனிக்கட்டி எவ்வளவு வேகமாக நகர்கிறது? காற்று வீசும் திசையிலேயே போகுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். உப்புப் பட்டால் பனிக்கட்டி விரைவாக உருகும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் உவர்ப்பான கடலில் மிதக்கும் பனிக்கட்டி நன்னீரில் மிதப்பதை விட வேகமாக உருக வேண்டும் அல்லவா?

கடலியல் பட்டதாரி, பண்டாரவளை

தம்பி, உங்களுடைய இரண்டாவது கேள்விக்கான விடையை நீங்களே கண்டுபிடிப்பது நல்லது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுங்கள். ஒன்றில் குழாய்நீரும் மற்றதில் லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த நீரும் ஊற்றுங்கள். சாயம் கலந்து உறையவைத்த ஒரே அளவான கட்டிகளை இரண்டிலும் போட்டுவிட்டுத் தொடாமல் பாருங்கள். என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள்.

முதற் கேள்விக்கு வருகிறேன். ஓர் அண்ணளவான விதி உண்டு: தடையின்றி மிதக்கும் பனிக்கட்டி காற்றின் வேகத்தில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு வேகத்தில் நகரும். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால், பனிக்கட்டி ஒரு நாளில் 17 கிலோமீற்றர் போகும். திசை காற்றின் திசையன்று. ஃபிராம் கப்பலிலிருந்து நான்சன் கவனித்த முக்கியமான செய்தி இதுதான்: பனிக்கட்டி காற்றின் திசைக்கு 20 முதல் 40 பாகை வலப்புறமாக விலகிச் சென்றது. புவிச்சுழற்சியே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். எக்மன் என்னும் சுவீடன் நாட்டவர் அதைக் கணிதமாக்கி 1905இல் வெளியிட்டார். காற்றால் இழுபடும் நீர் ஆழம் கூடக்கூட மேலும் மேலும் திரும்பி மெலிவதைக் காட்டும், நீங்கள் பாடத்தில் படிக்கும் எக்மன் சுருள் அந்தக் கப்பலின் தளத்தில் பிறந்தது. தென்னரைக்கோளத்தில் விலகல் இடப்புறமாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

ஆட்டிக்கிலிருந்து வெளியேறும் பனிக்கட்டிக்கு முதன்மையான வாசல் கிறீன்லாந்துக்கும் சுவால்பார்ட்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணை. ஆட்டிக் பனிக்கட்டிப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் அதனூடாகத் தெற்கே போகிறது. இந்த வாசல் ஒரு முறை வழக்கத்துக்கு மேலாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 1960களின் இறுதியில் உலகம் பார்த்தது. அந்த ஆண்டுகளில் வடக்குக் காற்று பலமாக வீசி, வழக்கத்தைவிட ஏறத்தாழ 2,000 கனகிலோமீற்றர் கூடுதலான நன்னீரை, பெரும்பாலும் பனிக்கட்டி வடிவில், கிறீன்லாந்தின் கிழக்குக் கரை வழியாக அனுப்பியது. 1968இல் ஐசுலாந்தின் கரைகளைப் பனிக்கட்டி சூழ்ந்தது. நம் மலைநாட்டுக் கணக்கில் சொன்னால், விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பினால் 722 மில்லியன் கனமீற்றர். அந்த நன்னீர் அப்படிப்பட்ட 2,700க்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்களுக்குச் சமம்.

அந்த நீர்த்த நீர் கிறீன்லாந்தின் தென்முனையைச் சுற்றி லாப்ரடோர் கடலுக்குள் புகுந்தது. அங்கே பிராவோ என்னும் பெயரிட்ட நிலையத்தில் ஒரு வானிலைக் கப்பல் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்ததால் நடந்தது பதிவாயிற்று. வழக்கமாகக் குளிர்காலத்தில் லாப்ரடோர் கடலின் மேல்நீர் குளிர்ந்து கனமாகி ஆயிரம் மீற்றருக்கும் கீழே கலக்கும். 1969 முதல் அடுத்தடுத்த சில குளிர்காலங்களில் அது நின்றுபோனது. மேலே இருந்த நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் உப்புப் போதாததால் மூழ்க முடியவில்லை. கீழே இருந்த இளஞ்சூடான நீர் தன் வெப்பத்தை மேலே கொடுக்க வழியின்றி அப்படியே கிடந்தது. 1972ஆம் ஆண்டின் கடுங்குளிர்தான் அந்த அடைப்பை உடைத்தது. அந்த நீர்த்தல் வட அத்திலாந்திக்கைச் சுற்றி வந்து 1980களின் தொடக்கத்தில் மீண்டும் கிறீன்லாந்துப் பக்கம் வந்து சேர்ந்ததை டிக்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் தொகுத்துக் காட்டினார்கள். கடலியலில் அதைப் 'பெரும் உவர்த்தன்மைப் பிறழ்வு' என்கிறார்கள்.

ஓர் இடத்தில் வீசிய காற்று, பனிக்கட்டியை நகர்த்தியதன் மூலம், ஈராயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த கடலின் ஆழத்து வெப்பநிலையை மாற்றியது. ஆசிரியை அவர்களின் மாணவிக்கு இதைவிட நேரடியான விடை எனக்குத் தெரியவில்லை.

வெளிக்கள உத்தியோகத்தர், அக்கரப்பத்தனை

நான் கடலைப் படித்தவன் அல்லன். இருபது வருடங்களுக்கு மேலாகத் தேயிலை மலைகளில் நடந்தவன். ஆனாலும் இதில் எனக்குப் பழக்கமான ஒன்று தெரிகிறது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் துகள்பனி விழும்போது மலையுச்சியில் இருக்கும் கொழுந்து தப்பிவிடும். அடிவாரத்தில் ஓடைக்கரையோரம் இருக்கும் பள்ளமான இடத்துத் தேயிலைதான் கருகும். குளிர்ந்த வளி கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதே அதற்குக் காரணம். கங்காணிமாருக்கு எந்த இலக்கத்து மலையில் பனி தேங்கும் என்பது மனப்பாடம்.

கடலில் உறையும் இடத்தில் கனமான உவர்நீர் உண்டாகிறது என்றால், அதுவும் இப்படித்தான் கடற்றரையின் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குமா? அப்படித் தேங்கும் இடம் எது?

கடலியல் பட்டதாரி, பண்டாரவளை

ஐயா, நான் பல நாட்களாகத் தேடிக்கொண்டிருந்த உவமையைக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியேதான் நடக்கிறது, ஆனால் பள்ளத்தின் ஆழம் நான்காயிரம், ஐயாயிரம் மீற்றர்.

இடம் அந்தாட்டிக்கா. கண்டத்தின் உட்பகுதியிலிருக்கும் உயர்ந்த பனிமேடையில் குளிர்ந்து கனத்த வளி, உங்கள் மலைச்சரிவில் வழிவதைப் போலவே, ஆனால் பெரும் புயலாகக் கரையை நோக்கி வழிந்து வருகிறது. அது கரையோரத்தில் உருவாகும் பனிக்கட்டியை உருவாக உருவாகக் கடலுக்குள் தள்ளிவிடுவதால், நடுக் குளிர்காலத்திலும் கரையோரத்தில் திறந்த நீர்ப்பரப்பு ஒன்று நிலைத்திருக்கும். ரஷ்ய மொழியிலிருந்து வந்த பொலின்யா என்னும் சொல்லால் அதை அழைக்கிறார்கள். தடித்த பனிக்கட்டி கடலுக்குக் கம்பளி போர்த்தியது போன்றது. அதனூடாக மிகக் குறைந்த வெப்பமே வெளியேறும். பொலின்யாவில் அந்தப் போர்வையைக் காற்று உருவிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் பன்மடங்காக வெளியேறுகிறது, நீர் உறைகிறது, உறைந்ததும் அகற்றப்படுகிறது, மீண்டும் உறைகிறது.

அம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நீர் ஆவியாகப் போய் உப்பு மிஞ்சுகிறது. இங்கே நீர் பனிக்கட்டியாகப் போய் உப்பு மிஞ்சுகிறது. வெயில் செய்யும் வேலையை இங்கே காற்றும் குளிரும் செய்கின்றன. பனிக்கட்டி அகற்றப்படாமல் அங்கேயே நின்றிருந்தால் அது தடித்துத் தானே போர்வையாகி, உறைதலை மந்தமாக்கிவிடும். அதனால் எவ்வளவு உப்பு இறங்கும் என்பதைக் குளிரோடு நகர்வும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

அந்த உவர்ந்த குளிர்நீர், கண்டத்தைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடற்றரையான கண்டமேடையில் தேங்கிப் பின் சரிவில் வழிந்து, போகும் வழியில் சுற்றியுள்ள நீரையும் கலந்துகொண்டு, அந்தாட்டிக்க அடிநீராகி உலகச் சமுத்திரங்களின் தரையில் பரவுகிறது. வெடல் கடல், ரொஸ் கடல், அடேலி நிலக் கரை, டார்ன்லி முனை ஆகியவை அது பிறக்கும் இடங்கள். 2010 பெப்ரவரியில் அடேலி நிலக் கரைக்கு அருகே ஒரு பெரும் பனிப்பாறை மோதி, மேர்ட்ஸ் பனியாற்றிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த 78 கிலோமீற்றர் நீளமான நாக்கு உடைந்தது. அதுவரை மிதந்து வரும் பனிக்கட்டியைத் தடுத்து நிறுத்தி, மறுபக்கத்தில் பொலின்யாவைக் காத்துக்கொண்டிருந்தது அந்த நாக்கே. அது போனதும் பனிக்கட்டி உள்ளே புகுந்து நீர்ப்பரப்பை மூடியது, உறைதல் குறைந்தது, கண்டமேடை நீரின் உவர்த்தன்மையும் அடர்த்தியும் குறைந்தன.

ஓய்வுநிலைப் பொறியியலாளர், கொத்மலை

எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பட்டதாரி அவர்கள் அடர்த்தியையும் உப்பையுமே பேசுகிறார். வெப்பநிலையைப் பொறுத்தவரை மறைவெப்பமே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கடலுக்குள் பனிக்கட்டி வந்து சேர்ந்தால் அது உருகிக் குளிர்விக்கும். வரத்துக் குறைந்தால் கடல் சூடாகும். ஒன்றரைப் பாகை என்று நான் போட்ட கணக்கே அதற்குச் சான்று. உப்பை இதற்குள் ஏன் இழுக்க வேண்டும்?

கடலியல் பட்டதாரி, பண்டாரவளை

ஐயா, உங்கள் கணக்குப் பிழையன்று, ஆனால் அது மேல்நீரின் கணக்கு மட்டுமே. உறைநிலைக்கு அருகிலிருக்கும் நீருக்கு ஒரு தனி இயல்பு உண்டு: வெப்பநிலை மாறினால் அதன் அடர்த்தி மிகச் சிறிதளவே மாறும். வெப்பக் கடல்களில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் இருப்பதை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. துருவக் கடல்களில் எது மேலே, எது கீழே என்பதை உப்புத் தீர்மானிக்கிறது. நீங்கள் சொன்ன அதே ஒரு மீற்றர் பனிக்கட்டி உருகும்போது, ஒன்றரைப் பாகைக் குளிர்ச்சி அந்த நீரைக் கனமாக்குவதைவிட, அரைக் கிராம் உப்புக் குறைவு அதைப் பன்மடங்கு இலேசாக்குகிறது. ஆகவே குளிர்ந்த நீர் மேலேயே மிதக்கிறது.

இதன் விளைவை ஆட்டிக்கில் காணலாம். ஏறத்தாழ 200 முதல் 800 மீற்றர் ஆழத்தில் அத்திலாந்திக்கிலிருந்து வந்த, பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலையுள்ள உவர்ந்த நீர் இருக்கிறது. மேலேயிருக்கும் பனிக்கட்டியை உருக்க அதன் வெப்பம் தாராளமாகப் போதும். உருக்காமல் இருப்பதற்குக் காரணம், இடையே உவர்த்தன்மை சடுதியாக மாறும் ஓர் அடுக்கு கதவைப் போல அடைத்துக்கொண்டிருப்பதுதான்.

நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கேயுள்ள பரண்ட்ஸ் கடலின் வடபகுதியில் அந்தக் கதவு பழுதடைந்துவிட்டது. அங்கே உருகும் பனிக்கட்டியில் பெரும்பங்கு அங்கே உறைந்ததன்று, மத்திய ஆட்டிக்கிலிருந்து காற்றால் தள்ளப்பட்டு வந்து சேர்ந்தது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் அந்த வரத்துக் குறைந்தது. நீங்கள் சொன்னபடி மறைவெப்பக் குளிர்ச்சி குறைந்தது உண்மை. அதோடு நன்னீர் வரத்தும் குறைந்ததால் மேலடுக்கு உவர்ந்து, அடுக்கமைவு தளர்ந்து, கீழிருந்த அத்திலாந்திக் வெப்பம் மேலே கலக்கத் தொடங்கியது. மேலே வந்த வெப்பம் குளிர்காலத்தில் புதிய பனிக்கட்டி உருவாவதையும் தடுக்கிறது. மறைவெப்பம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், ஒரு வருடம் பனிக்கட்டி நிறைய வந்தவுடன் கடல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அடுக்கமைவு குலைந்தால் அவ்வளவு எளிதில் திரும்பாது. 2018இல் வெளியான ஆய்வு இந்தக் கவலையைத்தான் முன்வைத்தது.

ஓய்வுநிலைப் பொறியியலாளர், கொத்மலை

அடர்த்தி அட்டவணையை எடுத்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன். மறை ஒன்றரைப் பாகைக்கு அருகில், உப்பின் விளைவு வெப்பநிலையின் விளைவைப் போல் ஐந்தாறு மடங்கு வருகிறது. என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். வெப்பக் கணக்கை மட்டும் பார்த்தால், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைக் கவனிக்காமல் அறையின் வெப்பநிலையைக் கணிப்பது போலாகிவிடும்.

உயர்தர மாணவன், நுவரெலியா

பரிசோதனையைச் செய்து பார்த்துவிட்டேன். குழாய்நீரில் போட்ட கட்டியிலிருந்து சாயம் நூல்நூலாகக் கீழே இறங்கிக் குவளை முழுவதும் பரவியது. கட்டி விரைவாகக் கரைந்துவிட்டது. உப்புநீரில் போட்டதில் சாயம் கீழே இறங்கவே இல்லை. மேலே விரலளவு தடிப்பில் நிறமான ஓர் அடுக்கு உண்டாகி அப்படியே நின்றது, கீழே நீர் தெளிவாக இருந்தது. கட்டி முழுவதும் உருக ஏறத்தாழ இருமடங்கு நேரம் எடுத்தது. அம்மாவுக்கும் தங்கைக்கும் காட்டினேன். தங்கை மேல்நீரை உறிஞ்சுகுழாயால் தொட்டுச் சுவைத்துவிட்டு உப்பே இல்லை என்றாள்.

நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்ததால் முதலில் குவளைகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று நினைத்து மறுபடியும் செய்தேன். இரண்டாவது தடவையும் அதுவே நடந்தது. உருகிய குளிர்நீர் கட்டியைச் சுற்றியே தங்கியதால், கீழே இருந்த சூடான நீர் கட்டியைத் தொட முடியவில்லை என்பதே காரணம் என்று விளங்கிக்கொண்டேன். பொறியியலாளர் சேர் சொன்ன கதவு இதுதானே?

கடலியல் பட்டதாரி, பண்டாரவளை

அதேதான், தம்பி. சந்தேகம் வந்தவுடன் இரண்டாவது தடவை செய்தீர்களே, அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. இப்போது கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிப் பாருங்கள்; கட்டி விரைவாக உருகும். நகரும் பனிக்கட்டி அந்தக் கரண்டியின் வேலையையும் செய்கிறது. அதன் அடிப்பக்கம் கரடுமுரடானது. மேடுகள் பல மீற்றர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அது இழுபடும்போது நீரையும் இழுத்துக் கலக்குகிறது. நெருக்கமாக இறுகிய பனிக்கட்டியோ காற்றின் வேகத்தைத் தானே தாங்கிக்கொண்டு கீழேயுள்ள நீரை அமைதியாக வைத்திருக்கிறது. இறுக்கம் தளர்ந்து பனிக்கட்டி விரைவாக நகரத் தொடங்கிய பகுதிகளில் கலக்கல் எவ்வளவு கூடுகிறது என்பது இன்று தீவிரமாக ஆராயப்படும் விடயம்.

புவியியல் ஆசிரியை, ஹட்டன்

இந்தப் பரிசோதனையை நேற்று வகுப்பிலும் செய்தோம். கேள்வி கேட்ட மாணவியே கட்டியைப் போட்டாள்.

இரண்டு விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். தென்னரைக்கோளத்தில் விலகல் இடப்புறம் என்பதை நினைவில் வைக்கச் சொன்னீர்கள், அதை முடிக்கவில்லை. மற்றது பிள்ளைகள் கேட்டது: இவையெல்லாம் நம் நாட்டைச் சூழ்ந்த கடலுக்கு வந்து சேர்கின்றனவா? வகுப்பில் ஒருவன், மிதக்கும் பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் உயர்ந்து கொழும்பு மூழ்கும் என்றும் சொன்னான். மிதக்கும் கட்டி தன் நிறைக்குச் சமமான நீரை ஏற்கனவே இடம்பெயர்த்திருப்பதால் அதன் உருகல் மட்டத்தை மிகச் சிறிதளவே மாற்றும் என்றும், தரையில் இருக்கும் பனியே அதற்குப் பொறுப்பு என்றும் சொல்லித் திருத்தினேன்.

கடலியல் பட்டதாரி, பண்டாரவளை

சரியாகத் திருத்தியிருக்கிறீர்கள், டீச்சர்.

அந்தாட்டிக்காவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. கிழக்கை நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கம் வடக்கு. ஆகவே பனிக்கட்டி கண்டத்திலிருந்து விலகி வடக்கே, திறந்த கடலை நோக்கி நகர்ந்து, அங்கே உருகுகிறது. கரையோரத்தில் உப்பை விட்டுவிட்டு நன்னீரை வெளியே கொண்டுபோகும் பெரிய கடத்தல் இது. 1982 முதல் 2008 வரையான காலத்தில் இந்தக் கடத்தல் ஏறத்தாழ 20 வீதம் கூடியதாகவும், தென்சமுத்திரத்தின் மேல்நீர் நீர்த்துவந்ததற்கு அதுவே முதன்மைக் காரணம் என்றும் 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முன்பெல்லாம் மழைப்பொழிவின் அதிகரிப்பையே பெரும்பாலும் காரணமாகச் சொல்லிவந்தார்கள். பிறகு நிலைமை திசைமாறியது. 2016 முதல் அந்தாட்டிக்கப் பனிக்கட்டிப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. 2023 செப்டெம்பரில் அதன் உச்சப் பரப்பே 17 மில்லியன் சதுர கிலோமீற்றரை எட்டவில்லை. அதே ஆண்டுகளில் மேல்நீரின் உவர்த்தன்மை கூடிவருவதைச் செய்மதி அளவைகள் காட்டுகின்றன. பரண்ட்ஸ் கடலில் நடந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தச் செய்தி எனக்கு ஏன் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பது விளங்கும்.

நம் கடலுக்கு வருகிறேன். இந்த வருடத்துப் பருவமழைக்கும் அங்குள்ள பனிக்கட்டிக்கும் நேரடித் தொடர்பு சொல்லுவது பொறுப்பற்ற செயல். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள். ஆழத்தில் மட்டும் தொடர்பு உறுதியானது. இலங்கைக்குத் தெற்கே நான்காயிரம் மீற்றர் ஆழத்தில் நீரின் வெப்பநிலை 2 பாகைக்கும் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் அத்தனை குளிர்ந்த நீர் உருவாக வழியில்லை. அது அந்தாட்டிக்கக் கரையில் மூழ்கி, நூற்றாண்டுக் கணக்கில் தரையோடு ஊர்ந்து வந்தது. வெளிக்கள ஐயா கேட்ட பள்ளங்களுள் ஒன்று நம் வாசற்படியிலேயே இருக்கிறது.

உப்பு கதவாகும் காட்சியையும் வங்காள விரிகுடாவிலேயே காணலாம். கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகளின் நீர் அதன் மேலே ஒரு நன்னீரடுக்கை விரிக்கிறது. அதனால் அது அரபிக்கடலைவிட உவர்த்தன்மை குறைந்தது. அங்கே பூட்டப்படுவது மேலேயுள்ள வெயிலின் சூடு, ஆட்டிக்கில் பூட்டப்படுவது கீழேயுள்ள சூடு.

வெளிக்கள உத்தியோகத்தர், அக்கரப்பத்தனை

பொலின்யா கரையோரத்தில் மட்டுமா உண்டாகும்? நடுக்கடலில் காற்றுத் தள்ளுவதற்கு முடிவே இல்லையே. அத்தோடு, பனிக்கட்டிக்குக் கீழே இருக்கும் நீரின் உப்பையும் சூட்டையும் குளிர்காலத்தில் யார் போய் அளக்கிறார்கள்?

கடலியல் பட்டதாரி, பண்டாரவளை

நடுக்கடலிலும் உண்டாகும், ஐயா, ஆனால் அங்கே முதற்காரணம் கீழிருந்து வரும் சூடு. 1974, 1975, 1976 ஆகிய மூன்று குளிர்காலங்களில் வெடல் கடலில் ஏறத்தாழ 250,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் பனிக்கட்டி இல்லாமல் கிடந்தது. நம் நாட்டைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மேலடுக்கு போதிய அளவு உவர்ந்து கதவு திறந்ததும், ஆழத்து இளஞ்சூடான நீர் மேலே வந்து பனிக்கட்டியை உருக்கியது, குளிர்ந்தது, மூழ்கியது. அதன் பிறகு எடுத்த அளவீடுகளில் 2,500 மீற்றருக்குக் கீழேயும் நீர் குளிர்ந்திருந்தது. 2016இலும் 2017இலும் அங்கே கடற்றரையிலிருந்து எழும் மோட் மேட்டுக்கு மேலே சிறிய அளவில் மீண்டும் திறந்தது. அப்போது புயற்காற்றுகள் பனிக்கட்டியை விலக்கியதும் ஒரு காரணம்.

அளப்பவர்களுள் சீல்களும் உண்டு. யானைச் சீல்களின் தலையில் சிறு கருவியை ஒட்டிவிடுகிறார்கள். அவை இரைதேடிப் பல நூறு மீற்றர் முக்குளித்து மேலே வரும்போது வெப்பநிலையும் உவர்த்தன்மையும் செய்மதிக்குப் போகின்றன. ஆர்கோ மிதவைகள் மற்றொரு வழி. உலகமெங்கும் ஏறத்தாழ நான்காயிரம் மிதவைகள் 2,000 மீற்றர் வரை இறங்கிப் பத்து நாட்களுக்கு ஒருமுறை மேலே வருகின்றன. துருவக் கடலில் மேலே வரும் மிதவை பனிக்கட்டியில் மோதி உடைந்துவிடாதிருக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: மேலெழும்போது சுற்றியுள்ள நீர் உறைநிலையை நெருங்கியிருப்பதை உணர்ந்தால், தலைக்கு மேலே பனிக்கட்டி இருக்கிறது என்று கொண்டு, எடுத்த அளவீட்டை உள்ளே சேமித்துக்கொண்டு அது மீண்டும் கீழே இறங்கிவிடும். பனிக்கட்டி விலகிய வசந்தகாலத்தில் மேலே வந்து, குளிர்காலம் முழுவதற்குமான கணக்கையும் ஒன்றாக அனுப்பும்.